கோழிக்குப் புரட்டாசி தெரியாது

நம் நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் கோழி வளர்க்கிறார்கள். சிலர் வீட்டில் 2 கோழி. சிலர் வீட்டில் 10 கோழி. பெரும்பாலும் பெண்கள்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். முட்டை விற்ற காசு அவர்கள் கைக்கு வரும் காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்க உதவும். அவசரத்துக்கு மருந்து வாங்க உதவும்.

ஆனால் ஆண்டு முழுவதும் முட்டை ஒரே விலைக்குப் போவதில்லை. புரட்டாசி மாதம் வந்தால் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முட்டையைத் தொடமாட்டார்கள். வடநாட்டில் சாவன் மாதம் அப்படி. ஆந்திரத்தில் கார்த்திகை மாதம் அப்படி. அந்த மாதங்களில் வாங்குவோர் குறைவு. விலை இறங்கிவிடும்.

கோழிக்குப் புரட்டாசி தெரியாது. அது முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அந்த முட்டைகளை என்ன செய்வது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

மாமியாரும் மருமகளும்

மருமகள்: அத்தை, கூடையில் முட்டை நிறைந்துவிட்டது. வியாபாரி ஒரு முட்டைக்கு 7 ரூபாய்தான் தருவாராம்.

மாமியார்: போன மாதம் 10 ரூபாய் தந்தாரே!

மருமகள்: புரட்டாசி அத்தை. யார் வாங்குகிறார்கள் என்று கேட்கிறார். எல்லாவற்றையும் கொடுத்துவிடட்டுமா? வைத்தால் கெட்டுப் போகுமே.

மாமியார்: அவசரப்படாதே அம்மா. எல்லாவற்றையும் விற்றுவிட்டால் ஐப்பசியில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பாய்? சின்னவள் எடை குறைவு என்று அங்கன்வாடியில் சொன்னார்களே. அப்போது 10 ரூபாய் கொடுத்து வாங்குவாயா?

மருமகள்: கொஞ்ச நாள் கெடாமல் வைக்க வழி இருக்கிறதா அத்தை?

மாமியார்: இருக்கிறது. என் அம்மா சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு வைப்பார். நீதான் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறாயே. முட்டையில் தேதியை எழுது. முறையாகச் செய்வோம்.

முட்டை ஏன் கெடுகிறது?

முட்டை ஓட்டைப் பாருங்கள். கல் மாதிரி தெரிகிறது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உள்ளன. கோழி முட்டையிடும்போது அந்தத் துளைகளை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கும். முட்டையைக் கழுவினால் அந்தப் படலம் போய்விடும். பிறகு துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும்.

இன்னொரு காரணம் வெப்பம். சேவல் சேர்ந்த முட்டையில் கரு இருக்கும். வெயில் காலத்தில் அடை வைக்காமலே அந்தக் கரு வளரத் தொடங்கும். பிறகு செத்துப் போகும். முட்டை கெட்டுவிடும்.

சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். அந்த முட்டையில் கரு இருக்காது. அது அதிக நாள் தாங்கும். குஞ்சு தேவையில்லாத காலத்தில் சேவலைப் பிரித்து வையுங்கள். பிரித்த பிறகும் 2 அல்லது 3 வாரம் வரை கருவுள்ள முட்டை வரலாம்.

கெடாமல் வைக்க ஐந்து பழக்கங்கள்

1. காலையும் மாலையும் முட்டையை எடுங்கள். கூட்டில் கிடந்தால் சூடேறும். எச்சம் படும்.

2. முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். மிகவும் அழுக்கான முட்டையை அன்றே கழுவிச் சமைத்துவிடுங்கள்.

3. கூர்மையான முனை கீழே இருக்கட்டும். அகன்ற முனை மேலே இருக்கட்டும். அகன்ற முனையில்தான் காற்றுப் பை உள்ளது.

4. விரிசல் விட்ட முட்டையைச் சேமிக்காதீர்கள்.

5. முட்டையின் மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். பேனா வேண்டாம். பழைய தேதி முட்டையை முதலில் எடுங்கள்.

குளிர்ச்சியான பானை

வீட்டில் குளிர்ப்பெட்டி இருந்தால் நல்லது. அதில் முட்டை 4 வாரம் வரை தாங்கும். வெளியே எடுத்த முட்டை வியர்க்கும். அதை மீண்டும் உள்ளே வைக்காமல் சமைத்துவிடுங்கள்.

குளிர்ப்பெட்டி இல்லையா? மண்பானை போதும். நிழலான மூலையில் மணலைக் கொட்டுங்கள். பானையைப் பாதி அளவு மணலில் புதையுங்கள். மணலில் தினமும் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். பானைக்குள் உலர்ந்த வைக்கோல் போட்டு அதன் மேல் முட்டையை அடுக்குங்கள். வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். சாக்கு முட்டையில் படக் கூடாது. முட்டை நனையவும் கூடாது.

ஈரம் காயும்போது பானை குளிரும். குடிதண்ணீர்ப் பானை குளிர்வதும் இப்படித்தான்.

சுண்ணாம்புத் தண்ணீர் முறை

இது பழைய முறை. கோழிப் பண்ணைப் பாடங்களிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

தேவையானவை:
நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம்
உப்பு 125 கிராம்
தண்ணீர் 3 லிட்டர்
மண் சட்டி அல்லது பிளாஸ்டிக் வாளி 1
முட்டை 20

முதலில் தண்ணீரில் சுண்ணாம்பையும் உப்பையும் போட்டுக் கலக்குங்கள். அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் தெளிவை மெல்லிய துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

மாலை 5 மணிக்கு முட்டைகளை அதில் மெதுவாகப் போடுங்கள். முட்டைகள் முழுவதும் மூழ்க வேண்டும். மறுநாள் காலை 8 மணிக்கு எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பிறகு குளிர்ந்த இடத்தில் அடுக்கி வையுங்கள். இந்த முட்டைகள் 3 வாரம் வரை தாங்கும்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? ஓட்டில் உள்ள துளைகளை அடைக்கிறது. வீட்டுச் சுவரின் ஓட்டையைப் பூசி அடைப்பது போல.

கவனம்! சுட்ட கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண் போய்விடும். ஆகவே ஏற்கனவே நீற்றிய சுண்ணாம்பையே வாங்குங்கள். நீலம், பசை கலந்த வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சுண்ணாம்பு அதை அரிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

எண்ணெய் முறை

சுண்ணாம்பு கிடைக்கவில்லையா? அன்று இட்ட முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் அல்லது கடலை எண்ணெய் விடுங்கள். முட்டை முழுவதும் மெல்லியதாகத் தடவுங்கள். எண்ணெயும் துளைகளை மூடும். ஓரிரு நாள் கழித்துத் தடவினால் பலன் குறையும்.

அடை வைக்கும் முட்டைக்கு எண்ணெயும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். துளைகள் அடைபட்டால் உள்ளே குஞ்சு மூச்சு விட முடியாது. அடைக்கு 7 நாளுக்கு உட்பட்ட முட்டையைப் பொறுக்கி எடுங்கள்.

நல்ல முட்டையா, கெட்ட முட்டையா?

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுங்கள். முட்டையைப் போடுங்கள்.

அடியில் படுத்தால் புதிய முட்டை.
அடியில் நிமிர்ந்து நின்றால் சில நாள் ஆன முட்டை. விரைவில் சமையுங்கள்.
மிதந்தால் மிகப் பழைய முட்டை. வேண்டாம்.

சுண்ணாம்பிலோ எண்ணெயிலோ வைத்த முட்டைக்கு இந்தச் சோதனை சரிவராது. அதன் ஈரம் வெளியே போகாததால் பழைய முட்டையும் மூழ்கலாம். ஆகவே தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடையுங்கள். முகர்ந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் கொட்டிவிடுங்கள். நேராகச் சட்டியில் உடைத்தால் ஒரு கெட்ட முட்டை குழம்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

சிக்கனமான சமையல்

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் அது மிகவும் தேவை. 5 பேருக்கு 5 முட்டை இல்லை என்று கவலைப்பட வேண்டாம்.

2 முட்டையை அடித்துக்கொள்ளுங்கள். 2 கைப்பிடி முருங்கைக்கீரை, 2 வெங்காயம், 1 பச்சைமிளகாய் வதக்குங்கள். கீரை வெந்ததும் முட்டையை ஊற்றிக் கிளறுங்கள். 5 பேருக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

1 முட்டையோடு 2 கரண்டி கடலைமாவு, சிறிது தண்ணீர், வெங்காயம், உப்பு சேர்த்துக் கரையுங்கள். தோசைக்கல்லில் ஊற்றி இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். 2 பிள்ளைகளுக்குப் போதும்.

வேகவைக்கும்போது விறகை மிச்சப்படுத்தலாம். முட்டை மூழ்கத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் இறக்கி இறுக மூடுங்கள். 12 நிமிடம் கழித்துத் திறங்கள். அந்தச் சூட்டிலேயே முட்டை வெந்திருக்கும்.

சுண்ணாம்பில் வைத்த முட்டையை வேகவைத்தால் வெடிக்கலாம். துளைகள் அடைபட்டிருப்பதால் உள்ளே உள்ள காற்று வெளியேற வழி இல்லை. அகன்ற முனையில் ஊசியால் சிறு துளை போட்டுவிட்டு வேகவையுங்கள்.

சேமித்த முட்டையை அரைவேக்காடாகச் சாப்பிட வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேக வேண்டும். முட்டையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வேகவைத்தால் அதிக நாள் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெந்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். முட்டை ஊறுகாயையும் வெளியே வைக்கக் கூடாது. அதில் கொடிய நஞ்சு உண்டாகலாம்.

ஓட்டையும் வீணாக்காதீர்கள். கழுவி, நன்றாகக் காயவைத்து, பொடி செய்து கோழித் தீனியில் கலக்குங்கள். அடுத்த முட்டையின் ஓடு கெட்டியாக இருக்கும். பெரிய துண்டாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

கணக்குப் பார்ப்போம்

அந்த வீட்டில் புரட்டாசியின் கடைசி 2 வாரத்தில் 40 முட்டைகள் சேர்ந்தன. அவற்றைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு எடுத்து வைத்தார்கள். ஐப்பசி முதல் தேதியிலிருந்து தினமும் 4 முட்டை வீட்டில் சமைத்தார்கள். 10 நாளில் 40 முட்டையும் தீர்ந்தன. அந்த நாட்களில் கோழி இட்ட புதிய முட்டைகளை 10 ரூபாய்க்கு விற்றார்கள். 10 நாள் கழித்தும் விற்பனை தொடர்ந்தது. மொத்தம் 40 புதிய முட்டை விற்றார்கள்.

40 முட்டை, 7 ரூபாய் வீதம் = 280 ரூபாய்
40 முட்டை, 10 ரூபாய் வீதம் = 400 ரூபாய்
கூடுதல் = 120 ரூபாய்
சேமித்ததில் கெட்டவை 2 முட்டை = 20 ரூபாய் நட்டம்
சுண்ணாம்பு, உப்புச் செலவு = 10 ரூபாய்
மிச்சம் = 90 ரூபாய்

90 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் சின்னவளும் 10 நாள் முட்டை சாப்பிட்டாள். அதைக் கணக்கில் எப்படி எழுதுவது?

சேமித்த முட்டையைப் புதியது என்று சொல்லி விற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சேமித்தது வீட்டுக்கு. புதியது சந்தைக்கு. வாங்குபவர் நம்பிக்கையும் ஒரு முதல்தான்.

முட்டை நோட்டு

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு வாரக் கணக்கு இப்படி இருக்கும்:

திங்கள்: வந்தது 4, சமைத்தது 2, விற்றது 0, மீதி 2
செவ்வாய்: வந்தது 3, சமைத்தது 2, விற்றது 0, மீதி 3
புதன்: வந்தது 4, சமைத்தது 2, விற்றது 0, மீதி 5
வியாழன்: வந்தது 3, சமைத்தது 2, விற்றது 0, மீதி 6
வெள்ளி: வந்தது 4, சமைத்தது 0, விற்றது 0, மீதி 10
சனி: வந்தது 3, சமைத்தது 0, விற்றது 0, மீதி 13
ஞாயிறு: வந்தது 4, சமைத்தது 3, விற்றது 6, மீதி 8

நோட்டு இருந்தால் வியாபாரி சொல்லும் கணக்கை நாமே சரிபார்க்கலாம். எத்தனை விற்றோம், வீட்டுக்கு எத்தனை வந்தது என்பதும் தெரியும்.

பேசுங்கள்

1. உங்கள் ஊரில் எந்த மாதத்தில் முட்டை விலை குறைகிறது? ஏன்?
2. முட்டை விற்ற காசு உங்கள் வீட்டில் யார் கையில் இருக்கிறது?
3. வீட்டில் 2 முட்டைதான் இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பீர்கள்? பெண் பிள்ளைக்கும் கிடைக்குமா?

எழுதுங்கள்

1. முட்டையை ஏன் கழுவி வைக்கக் கூடாது?
2. முட்டையின் எந்த முனை கீழே இருக்க வேண்டும்?
3. மேலே உள்ள நோட்டில் ஒரு வாரத்தில் வந்த முட்டைகள் மொத்தம் எத்தனை? சமைத்தவை எத்தனை?
4. இன்று உங்கள் வீட்டு முட்டை ஒன்றில் பென்சிலால் தேதி எழுதுங்கள். அதே தேதியை நோட்டிலும் எழுதுங்கள்.