வீட்டு ரவுட்டரும் பொதுப் பாதுகாப்பும்

ஹைதராபாத்தில் தார்னாகாவுக்கும் உப்பலுக்கும் இடையே அமைந்த ஹப்சிகுடா, ஆராய்ச்சி நிலையங்களை அருகே கொண்ட குடியிருப்புப் பகுதியாகும். இத்தகைய பகுதிகளில் அலுவலகக் கோப்புகள், வங்கிக் கணக்கு, மாணவர்களின் பாடம் ஆகிய யாவும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியின் வழியாகவே வீட்டிற்குள் வந்து செல்கின்றன. அப்பெட்டியின் பாதுகாப்பு ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம் மட்டுமன்று.

ரவுட்டரின் பலவீனங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, தயாரிப்பாளர் இட்ட பொதுவான கடவுச்சொல் மாற்றப்படாமல் இருத்தல். இரண்டாவது, உள்ளிருக்கும் மென்பொருளின் குறைகள் திருத்தப்படாமல் இருத்தல். மூன்றாவது, வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் வசதி திறந்தே கிடத்தல். இவற்றின் வழியே நுழைபவர், முகவரி காட்டும் அமைப்பை மாற்றி, பயனாளரைப் போலித் தளத்திற்குத் திருப்ப இயலும்.

2016இல் பரவிய மிராய் என்ற தீய நிரல், ஆலையில் இடப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களை வரிசையாக முயன்றே கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பரில் அதன் வேறொரு வடிவம் நடத்திய தாக்குதலால் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு பாதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பாரத் சஞ்சார் நிகம் சந்தாதாரர்கள் பலரின் மோடங்கள் தீய நிரலால் செயலிழந்தன. ‘அட்மின்’ என்ற ஆலைக் கடவுச்சொல்லை மாற்றாதவர்களே இதற்கு இலக்காயினர்.

கைப்பற்றப்பட்ட ரவுட்டர் வழக்கம்போல் இயங்குவதால் உரிமையாளர் இழப்பை உணர்வதில்லை. அதன்வழித் தாக்கப்படும் மருத்துவமனையோ வங்கியோதான் இழப்பை ஏற்கிறது. பொருளாதாரத்தில் இது புறவிளைவு எனப்படும். செலவு பிறர் தலையில் விழும்போது தற்காப்பில் அக்கறை குறைவது இயல்பே. ஆகவே தனிமனித விழிப்புணர்வுடன் பொது விதிகளும் தேவைப்படுகின்றன.

வீட்டார் செய்ய வேண்டியவை எளியவை. நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் தனித்தனியே மாற்றுதல்; மென்பொருளைப் புதுப்பித்தல்; தொலை நிர்வாகத்தையும் பொத்தான் வழி இணைக்கும் வசதியையும் நிறுத்துதல்; விருந்தினருக்குத் தனி இணைப்பு அளித்தல்; தயாரிப்பாளர் திருத்தம் வழங்குவதை நிறுத்திவிட்ட பெட்டியை மாற்றுதல். மிராய் போன்ற நிரல், பெட்டியை அணைத்து மீண்டும் இயக்கினால் நினைவகத்திலிருந்து நீங்கும்; ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிடில் விரைவில் மீண்டும் புகுந்துவிடும்.

2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா, தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. இணைய வசதிக் கருவிகளில் பொதுவான ஆலைக் கடவுச்சொல்லை பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் சட்டத்தால் தடை செய்துள்ளது. பெட்டியை நிறுவ வரும் பணியாளர், கடவுச்சொல்லை மாற்றித் தந்த பின்னரே இணைப்பு நிறைவுற்றதாகக் கருதும் நடைமுறை இங்கும் வேரூன்றுமாயின், சில நிமிட உழைப்பில் பெரும் பொது இழப்பைத் தவிர்க்கலாம்.