கல்லறையருகே கண்ணீர்

கேள்வி: என் கணவர் இறந்து ஓராண்டாகிறது. ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறேன். ஆனாலும் அழுகை நிற்கவில்லை. என் விசுவாசத்தில் குறையா?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: இல்லை, அம்மா. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டதாக யோவான் எழுதுகிறார். 'விசுவாசி அழலாமா?' என்று கேட்பவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸுக்கு 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கால்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். பிறகு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையே கட்டியெழுப்பினார். தண்டுவடம் முறிந்து வந்தவர்கள் அவரைப் பார்த்தே தைரியம் கொண்டிருப்பார்கள். இழந்தது இங்கே திரும்பாது என்று தெரிந்தும், உயிர்த்தெழுதலை நம்பி இன்றைய வேலைக்குக் கை நீட்டுவதைத்தான் கிறிஸ்தவ நம்பிக்கை என்கிறேன்.

கணவரை மறக்க முயலாதீர்கள். கல்லறைத் திருநாளில் பூ வைத்து, மனம்விட்டு அழுங்கள். உங்கள் சபையில் அண்மையில் துணையை இழந்தவர் யாரேனும் இருந்தால், ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்காருங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை.