எளிய விலை மடிக்கணினியும் தமிழ்க் கல்வியும்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்க்குக் கணிப்பொறி எதற்கு என்னும் வினா நம் துறையில் இன்றும் கேட்கப்படுகிறது. அறிவியல் மாணவர்க்கும் வணிகவியல் மாணவர்க்கும் அது கருவி. நமக்கோ நூலகமும் குறிப்பேடும் போதும் என்பது அவ்வினாவின் உட்கிடை. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், தமிழ் மாணவர்க்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று, எளிய கருவியே என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். நம் மாணவருள் பெரும்பாலோர் செங்கற்பட்டைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும், மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்தும் திருக்கழுக்குன்றம் வழியே பேருந்தேறி வருபவர்கள். அவர்தம் வாழ்நிலையை வைத்தே பேசுகிறோம்.

ஏழை மாணவர் கைக்கும் கணிப்பொறி சேர வேண்டும் என்னும் கருத்து உலக அளவில் வலுப்பெற்றது 2005ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு நவம்பரில் துனிசு நகரில் கூடிய உலக மாநாட்டில் நிக்கோலசு நெக்ரோபாண்டே என்னும் அறிஞர் நூறு டாலர் மடிக்கணினியின் முன்மாதிரியைக் காட்டினார். அந்த விலை கடைசிவரை கைகூடவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வேறொரு வழி பிறந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று, அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கும் அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் வந்தவை 2 கிகாபைட் நினைவகமும் 320 கிகாபைட் வன்தட்டும் கொண்டவை. விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவற்றில் இருந்தது. கொரோனாக் காலத்திற்குப் பின் சில ஆண்டுகள் நின்றிருந்த இம்முயற்சி, 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கருவி வழங்கும் அறிவிப்பாக 2025 மார்ச்சு மாத நிதிநிலை அறிக்கையில் மீண்டும் இடம்பெற்றது.

இத்திட்டத்தின் பயனை மதிப்பிட வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. நம் வகுப்பறையே சான்று. அண்ணன் பெற்றதைத் தங்கை பயன்படுத்துகிறாள். அவளிடமிருந்து அது தம்பிக்குப் போகிறது. மூன்று பட்டங்களைக் கண்ட மடிக்கணினிகளை நாம் அறிவோம். ஒரு வருத்தத்தையும் ஈண்டுக் குறிப்பிட்டாக வேண்டும். உதவி பெறும் பிரிவில் படித்தவர் கருவி பெற்றபோது, அதே கட்டடத்தில் அதே பாடத்தைச் சுயநிதிப் பிரிவில் பணம் கட்டிப் படித்தவர் வெறுங்கையராய் நின்றனர். பின்னவரே பெரும்பாலும் வறியவர். வழங்கு நாளன்று அவ்வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியர்க்குத்தான் அந்த அமைதியின் கனம் தெரியும்.

இனி, எளிய கருவி தமிழுக்குப் போதுமா என்பதை ஆராய்வோம். யூனிகோடு முறையில், இணையத்தில் பெரிதும் வழங்கும் வடிவத்தில், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் தேவை. 'கொ' என்னும் எழுத்து ககரக் குறியும் ஒகரக் குறியுமாய் இரண்டாவதால் ஆறு பைட்டுகளைக் கொள்ளும். இது மிகுதி எனச் சிலர் குறைகூறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 பாடல்களும் உடைய பெருங்காப்பியம். அதனை முழுவதும் தட்டெழுதினாலும் சில மெகாபைட்டுகளே ஆகும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒன்றிரண்டு நிழற்படங்களுக்குரிய இடம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில் இந்நூலும் சங்க நூல்களும் எழுத்து வடிவில் கிடைக்கின்றன. பழைய மடிக்கணினியும் இவற்றை எளிதில் திறக்கும். ஒரு சொல் காப்பியத்தில் எங்கெங்கு வருகிறதென நொடியில் தேடித் தரும். நாம் ஆய்வேடு எழுதிய நாளில் இப்பணிக்கு ஒரு கோடை விடுமுறை போயிற்று.

அதே நூலின் அச்சுப் பக்கங்களைப் படமாக்கிய கோப்பு எனின் நிலை வேறு. அது பத்து, இருபது மடங்கு பெருத்து, 2 கிகாபைட் நினைவகத்தைத் திணறச் செய்யும். உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, 'கருவி ஓடவில்லை' என்பாரும் உளர். எழுத்துக் கோப்பைத் தேர்ந்து, வேண்டியதை மட்டும் திறந்தால் பழைய கருவியும் ஓடும். புதிதாக வாங்குவோர் 8 கிகாபைட் நினைவகமும், சுழலும் வன்தட்டிற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பளபளப்புக்கும் விளையாட்டுக்கும் கொடுக்கும் விலை நமக்கு வீண்.

கைப்பேசி இருக்கிறதே என்பர். படிப்பதற்கு அது நன்று. எண்பது பக்கத் திட்டக் கட்டுரையை இரு கட்டைவிரல்களால் எழுதுவது தண்டனை. தட்டெழுதத் தமிழ் 99 விசைப்பலகையையே பரிந்துரைப்போம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழி வந்தது அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தவை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளைப் பழகினால் 247 எழுத்தும் வரும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் எண்ணித் தமிழில் பெறும் பழக்கம் இலக்கணம் பயில்வார்க்கு அழகன்று என்பது நம் கருத்து. மாணவர் இதை ஏற்பதில்லை, நாமும் விடுவதில்லை.

இங்கே நம் மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். கடற்கரையூர் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், முதுகலைத் திட்டக் கட்டுரைக்காகத் தம் ஊர்ப் பெரியவர்களிடம் காற்று, நீரோட்டம், வலை பற்றிய வழக்குச் சொற்களைத் தொகுத்தார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயருண்டு. ஒவ்வொன்றின் நுட்பங்களையும் தம் பாட்டனாரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அக்காள் தந்த பழைய மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தார். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கூரை ஒழுகியது, நீர் புகுந்த கருவி மறுபடி எழவில்லை. பழுதுபார்க்கும் கடையில் வன்தட்டையும் காப்பாற்ற இயலவில்லை. பாட்டனார் அதற்கு இரு திங்கள் முன்னரே காலமாகியிருந்தார்.

சொற்பட்டியலின் ஒரு படியை மட்டும் மாணவர் நமக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அதைத் திறந்தபோது தமிழ்ச் சொற்களுக்கு மாறாகச் சிதறிய ஆங்கில எழுத்துகளே தெரிந்தன. தட்டச்சுக் கடையில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. நம்முடைய எம்.ஃபில். ஆய்வேடும் இப்படித்தான் குறுந்தகட்டில் புதையுண்டு கிடக்கிறது. (அப்பட்டமே 2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகளால் நின்றுபோயிற்று, அது வேறு கதை.) குறிமாற்றி மென்பொருளால் யூனிகோடாக்கி, பிழைகளைக் கையால் திருத்தி, இருநூற்றுச் சொச்சம் சொற்களை மீட்டோம். ஒலிப்பதிவு ஒன்றும் மீளவில்லை. 'சோழகம்' என்று அம்முதியவர் ஒலித்த முறையை இனி எவரும் கேட்க முடியாது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தர முறையாக ஏற்றிருந்தும், பழைய எழுத்துருக்களை விடாதிருக்கும் நம் போன்றோர்க்கும் இவ்விழப்பில் பங்குண்டு.

ஆகவே எந்தப் பணிக்கும் மூன்று படிகள் வேண்டும்: கருவியில் ஒன்று, விரலியில் ஒன்று, மின்னஞ்சலிலோ வேறு வீட்டிலோ ஒன்று. கடற்கரையில் உப்புக் காற்று யூ.எஸ்.பி. துளைகளை அரிக்கும், சன்னலோரம் வைத்தல் தவறு. பயன்படுத்தியபின் உலர்ந்த துணியால் துடைத்து உறையிலிட்டு மூடுக. மின்கலத்திற்கு வெப்பமே பகை. அக்கினி நட்சத்திர நாளில் மெத்தைமேல் வைத்து இயக்கினால் அடியிலுள்ள காற்று வழி அடைபட்டு அதன் ஆயுள் குறையும். 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில், கல்பாக்கம் அணுமின் நிலையத்திற்குக் கூப்பிடு தூரத்திலிருந்த மாணவர், மடிக்கணினித் திரையின் ஒளியில் தேர்வுக்குப் படித்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

விண்டோசு 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரியிலும், விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்தன. பழைய கருவிகள் பலவற்றில் 11ஆம் பதிப்பு ஏறாது. அவற்றைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன், இலகுவான லினக்சு ஒன்றையும் கட்டணமற்ற லிப்ரே ஆபீசையும் நிறுவிப் பார்க்கலாம். கட்டுரை எழுதவும் நூல் தேடவும் அது போதும்.

நம் துறை நூலகத்தில் இவ்வாறு சீர்செய்த நான்கு பழைய மடிக்கணினிகள் உள்ளன. முன்னாள் மாணவர் அளித்தவை. சுயநிதிப் பிரிவு மாணவர்க்கு முன்னுரிமை. பதிவேட்டில் கையொப்பமிட்டு ஒரு வாரம் வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். தமிழ் 99 பயிற்சி வியாழன்தோறும் பிற்பகலில் நடைபெறுகிறது. மீட்ட சொற்பட்டியல் நான்கிலும் உள்ளது. தம் ஊர்ச் சொல் விடுபட்டிருக்கக் கண்டவர்கள் அதைச் சேர்த்து, சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து வைக்க வேண்டுகிறோம்.