சிகரத்தில் சிப்பி: கடல் ஏறியதா, கடலடி மடிந்ததா?

இமயமலையில் கடல் உயிர்களின் எச்சங்கள் கிடைக்கின்றன என்றதும் இரண்டு விளக்கங்கள் தயாராக வந்து நிற்கும். கடல் அவ்வளவு உயரத்துக்குப் பொங்கியது, அதுதான் பிரளயம் என்பது ஒன்று. கடலடி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிவிட்டது என்பது இன்னொன்று. முதலாவதை மறுப்பது எளிது. எவரெஸ்ட்டின் உச்சி 45 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான சுண்ணாம்புக்கல். டிரைலோபைட், கடல் அல்லி போன்றவற்றின் ஓட்டுத் துணுக்குகள் அந்தக் கல்லின் மேல் ஒட்டியிருக்கவில்லை. கல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன. வெள்ளம் கொண்டுவந்து போட்ட சிப்பி சரிவில் உதிரியாகக் கிடக்கும், மலைக்குள் அடுக்கடுக்காக ஊடுருவிப் போகாது. இரண்டாவது விளக்கம்தான் தொல்லை தருவது. பாதி சரியாக இருப்பதால் பலரும் அதையே அறிவியல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் மலையின் கதையில் உயரம் என்பது விளைவு மட்டுமே; நடந்தது பக்கவாட்டு நெருக்கம்.

இதைச் சோதிக்க நமக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புப் பாறையும் அதைச் சுற்றியுள்ள களிமண் படிவுகளும் கிரெட்டேசியஸ் காலக் கடலில் படிந்தவை. அவற்றில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரிகள் ஏராளம். 1860களில் அவற்றை ஆராய்ந்து விவரித்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர், அதே ஆண்டுகளில் இமயத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலும் வேலை செய்தார். அங்கும் கடல் படிவுகள், அங்கும் அம்மோனைட்டுகள். வைணவ வீடுகளின் பூஜையில் இருக்கும் சாளக்கிராமங்கள் பலவும் அதே ஸ்பிதி களிப்பாறையின் நேபாளத் தொடர்ச்சியிலிருந்து, முக்திநாத் அருகே கண்டகி ஆறு உருட்டிக்கொண்டு வருபவைதான். ஆனால் அரியலூரில் அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்து, கலையாமல் கிடக்கின்றன. கண்டகிப் பள்ளத்தாக்கிலோ, 7,000 மீட்டர் உயர நீலகிரிச் சிகரத்தின் (நம் நீலகிரி அல்ல, நம்முடையது மடிப்பு மலையே இல்லை) முகத்தில் சுண்ணாம்புப் பாளங்கள் மடங்கித் தலைகீழாகப் படுத்திருப்பதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். வெறுமனே மேலே தூக்கியிருந்தால் அரியலூர் போலவே தட்டையாகத்தான் உயர்ந்திருக்கும். காவிரிப் படுகையிலும் பிளவுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அவை நிலம் இழுபட்டு விரிந்தபோது ஒரு பக்கம் கீழே சரிந்த பிளவுகள். ஒரு கிணறு அப்படிப்பட்ட பிளவைக் கடந்தால் வரவேண்டிய அடுக்குகள் சில காணாமல் போகும். நெருக்கத்தில் உண்டான பிளவைக் கடந்தால் ஏற்கெனவே பார்த்த அடுக்கு மறுபடி வரும். கனடாவின் ராக்கி மலை அடிவாரத்து எண்ணெய்க் கிணறுகளில் துளைக்கருவி பழைய பாறையைத் தாண்டி இளைய பாறைக்குள் இறங்கியதும், அதற்குக் கீழே பழைய பாறையையே மீண்டும் சந்தித்ததும் இப்படித்தான்.

கல் எப்படி மடியும், உடைந்துதானே போகும் என்பது நியாயமான ஐயம். பிரளயக் கட்சியினர் இதைப் பிடித்துக்கொண்டு, சேறு காயும் முன்பே மடிந்துவிட்டது என்பார்கள். 1911இல் தியோடர் ஃபான் கார்மான் இத்தாலியின் கராரா சலவைக்கல் உருளைகளை அழுத்திப் பார்த்தார். சாதாரணக் காற்றழுத்தத்தில் அவை உடைந்தன. சுற்றிலும் பல மடங்கு அழுத்தம் கொடுத்தபோது உடையாமல் குறுகி, நடுவில் பருத்தன. பல கிலோமீட்டர் ஆழத்தில் சூடும் சேர்ந்துகொள்கிறது, காலமும் தாராளமாக இருக்கிறது. சேறு வாதத்துக்கு இன்னும் நேரான பதில் ஆல்ப்ஸ் மலையில் கிடைக்கும் பெலெம்னைட்டுகள். விரல் நீள, கூர்முனைக் கல்லெச்சங்கள் அவை. அங்கே அவை துண்டு துண்டாக முறிந்து வரிசையாக விலகி நிற்கின்றன. இடைவெளிகளில் வெண்மையான கால்சைட் படிகம் வளர்ந்திருக்கிறது, சுற்றியுள்ள பாறையோ முறியாமல் நீண்டு வழிந்திருக்கிறது. குழைசேற்றுக்குள் கிடக்கும் எச்சத்தை அந்தச் சேறு பிடித்து இழுத்து முறிக்க முடியாது. பாறை இறுகிய பிறகுதான் இது நடந்திருக்க வேண்டும். ஒரே கல்லில் ஒன்று உடைய, ஒன்று குழைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். மடிப்பும் பிளவும் எதிரெதிர் விளக்கங்கள் அல்ல. கெட்டியான சுண்ணாம்பு அடுக்கு பெரிய அலையாக வளைகிறது, இடையிலுள்ள மெல்லிய களிப்பாறை கசங்கி வழுக்குதளம் ஆகிறது, வளைவு தாங்காத இடத்தில் பிளந்து ஒரு பாளம் இன்னொன்றின் மேல் ஏறுகிறது. எங்கே வழுக்கும் என்பதைப் பெரும்பாலும் பழைய கடல் அங்கே எதைப் படியவைத்தது என்பதுதான் தீர்மானிக்கிறது.

கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற விதியும் இங்கே அடிபடுகிறது. சிம்லா அருகே சோலன் வட்டாரத்தில் 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட குரோல் சுண்ணாம்புத் தொகுதி, சுமார் 5 கோடி ஆண்டு வயதுடைய சுபாத்துக் கடல் படிவுகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்னும் தெற்கே வந்தால் இளைய சிவாலிக் அடுக்குகளின் மேல் மூத்த பாறைகள் ஏறியிருக்கின்றன. ஓட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு படிந்திருப்பது போல இமயத்தின் தென்முகம் முழுவதும் இதே அமைப்பு. வரிசையைக் காப்பாற்ற புவியியலாளர்கள் கட்டிய கதை இது என்போர் உண்டு. வயதை மறந்துவிட்டாலும் தொடுகோட்டில் நொறுங்கி அரைபட்ட கல்லும், உரசலில் பளபளத்துக் கீறல் விழுந்த தளங்களும் இருக்கவே செய்கின்றன. மேல்நோக்கி வளைந்தது மலை, கீழ்நோக்கி வளைந்தது பள்ளத்தாக்கு என்ற படமும் நம்பத்தக்கதல்ல. மசூரி நகரம் நிற்கும் முகடு, அடுக்குகள் தொட்டிபோல் கீழே குழிந்த மடிப்பு. மலையின் உருவத்தை அரிப்பு செதுக்குகிறது, மடிப்பு மட்டுமல்ல.

அவ்வளவு நகர்வுக்கு நேரம் ஏது என்றால், இமயத்தில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்கம் நடக்கிறது. ஒரு கோடி ஆண்டுக்கு அது 200 கிலோமீட்டர். அதுவும் சீராக நடப்பதில்லை. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது காட்மண்டு வட்டாரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்து, அதைவிடக் கூடுதலாகத் தெற்கே நகர்ந்தது. வடக்கே உயர்ந்த மலைப்பகுதிகள் சில அரை மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தன. மேலே தூக்கும் விசை என்று ஒன்றை மட்டும் நம்புகிறவர்களால் இந்தத் தாழ்வை விளக்க முடியாது. நிலநடுக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வில்லாய் வளைந்திருந்த நிலம், பிளவு வழுக்கியதும் முன்புறம் எழும்பிப் பின்புறம் தளர்ந்தது. அந்த வழுக்கல் தெற்கே தரைமட்டம் வரை வரவில்லை. காட்மண்டுக்குத் தெற்கே பிளவின் முன்பகுதி இன்னும் பூட்டியே இருக்கிறது.