கொம்பு நகர்ந்தால் சொல்லுங்கள்

டிசைன் கருவியைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கும் தாராவிப் பிள்ளைகளுக்கும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்தக் குறிப்புகள். செயலிக்குத் திரை வரையக் கற்றுத்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வரைகிற கருவியிலேயே ஒரு சின்னக் கோளாறு தென்பட்டால் என்ன செய்வது, நாம் வரைந்ததில் கோளாறு இருந்தால் அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது அன்றாடத் தேவை.

1. சின்னப் பிழைதானே என்று கடந்துபோகாதீர்கள். கருவியைச் செய்கிறவர்கள் சான் பிரான்சிஸ்கோவிலோ மாட்ரிட்டிலோ இருப்பார்கள். கொம்பு இடம் மாறி நின்றாலும், புள்ளி பாதி வெட்டுப்பட்டாலும் அவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் பிழைகளின் கடுமையை 0 முதல் 4 வரை தரம் பிரித்தார். அழகைக் கெடுப்பது மட்டும் என்றால் 1, வெளியிடவே கூடாத அளவுக்கு மோசம் என்றால் 4. தமிழ் தெரியாதவர் புள்ளி விடுபட்டதற்கு 1 போடுவார். பணம் கட்டும் திரையில் ‘கட்டணம்’ என்பது ‘கடடணம’ என்று நின்றால் எந்தக் கடைக்காரர் நம்பிக் காசு அனுப்புவார்? அந்த இழப்பை எழுதி, அதற்குரிய தரத்தை நீங்களே கேளுங்கள்.

2. பிழை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நான் சொல்வதில் மிக முக்கியமானது இதுதான்; கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கணினி ‘கொ’வை நாம் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் க, அதன் பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது வேறொரு நிரலின் வேலை. ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்தான் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இதைச் செய்கிறது. டிசைன் கருவிகளில் சில, எழுத்தை பிரவுசரிடம் விடாமல் தாமே திரையில் வரைகின்றன. கொம்பு இடம் மாற அங்கே வாய்ப்பு அதிகம். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும்போதும் கவனியுங்கள்: ‘கொ’ ஒரே எழுத்தாக நகராமல் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகச் சிதறலாம்.

ஆகவே தப்பாகத் தெரியும் வரியை அப்படியே எடுத்து பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் சந்தேகம் கருவியின் மேல் விழும். அடுத்து எழுத்துருவை மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றிலும் தப்பு வந்தால் கோளாறு கருவியில். ஒன்றில் மட்டும் வந்தால் அந்த எழுத்துருவில். எழுத்துருவில் என்றால் அதைச் செய்தவர்களுக்குத்தான் எழுத வேண்டும். முக்தா மலரும் பலூ தம்பியும் எக் டைப் குழுவினுடையவை, அவர்கள் நம் மும்பைக்காரர்கள். இதே ஊரில், பவாயில், ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி 1969இல் தொடங்கியது. அங்கே பாடம் நடத்திய ஆர்.கே. ஜோஷி வடிவமைத்த மங்கள் என்ற தேவநாகரி எழுத்துரு விண்டோஸ் வழியாக உலகமெல்லாம் போனது. இந்திய எழுத்துக்காக மெனக்கெட்ட ஊரில் இருக்கிறீர்கள், அந்த உரிமையோடு எழுதுங்கள்.

3. ‘தமிழ் சரியா வரல’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற மூன்றும் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் வையுங்கள், கூடவே அந்த வரியை எழுத்தாகவும் ஒட்டுங்கள். படத்தில் இருக்கும் தமிழைத் தட்டச்சு செய்ய அந்தப் பொறியாளருக்குத் தெரியாது. சரியான வடிவத்தையும் தப்பான வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தப்பைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு பிழை போதும். பென்பாட் போன்ற திறந்த மூலக் கருவி என்றால், வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

4. எல்லாவற்றையும் பக் என்று சொல்லிவிடாதீர்கள். ‘கொ’வில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் குறி மட்டும் போய் ‘க’ நிற்பது யூனிகோட் எழுத்தில் வழக்கமானது, கோளாறு இல்லை. புள்ளி மேல்வரியில் இடிக்கிறது என்றால், ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும் வரி உயரத்தைத் தமிழுக்கும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நம் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கூடுதல் இடம் வேண்டும். ‘இந்த வசதி இருந்தால் நல்லது’ என்பது விருப்பம். அதை விருப்பம் என்றே குறிப்பிட்டுத் தனியாக எழுதுங்கள்.

5. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கும். ‘ஔவை’யை ஔ என்ற ஒரே எழுத்தாலும் எழுதுகிறோம், ஒ, ள என்று இரண்டெழுத்தை அடுத்தடுத்து அடித்தும் எழுதுகிறோம். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ‘ஸ்ரீ’யும் அப்படியே: ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. மாட்டுங்காவில் ஸ்ரீயோடு தொடங்கும் பெயர்களுக்குக் குறைவே இல்லை. வாடிக்கையாளர் பெயரைத் தேடும் பெட்டியை வரைகிறவர், இரண்டும் சிக்கும்படி நிரல் எழுதுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

6. நீங்கள் வரைந்த திரையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘எப்படி இருக்கு அண்ணாச்சி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு தம்பி’ என்பார். அது பாசத்தில் வரும் பதில், உங்களுக்கு உதவாது. ‘300 ரூபாய்க்கு ஒரு பில் போடுங்க’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அவர் விரலைப் பாருங்கள். எங்கே தயங்குகிறது, எதை இரண்டு முறை அழுத்துகிறது, எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துச் சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது.

ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்பது நீல்சன் கணக்கு. மும்பையில் அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நெல்லையிலிருந்து வந்த ஆச்சி தமிழ் மட்டும் படிப்பார். இங்கேயே பிறந்த பேரன் வீட்டில் தமிழ் பேசுவான், ஆனால் இந்தியோ ஆங்கிலமோதான் படிப்பான். தொண்ணூறடிச் சாலைக் கடையில் பில் புத்தகம் ஒருவர் கையில், போன் இன்னொருவர் கையில். இவர்களில் ஒருவரைக்கூட விடாதீர்கள். மொழி மாற்றும் பட்டனை மூன்று திரைக்கு உள்ளே ஒளித்துவைத்தது தவறு என்று எனக்குப் புரியவைத்தவர்கள் இப்படிப்பட்ட வீட்டார்தான்.

7. ரூபாய்க் குறியைத் தனியாகச் சோதியுங்கள். ஐடிசியில் தமிழ் எழுத்தமைப்பில் ஆராய்ச்சி செய்த உதயகுமார் வடிவமைத்தது அது. 2010 ஜூலையில் அரசு ஏற்றது, அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அந்தக் குறி இல்லாததால் கட்டம் விழும், அல்லது கருவி வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டும். விலைக்குப் பக்கத்தில் குறி மட்டும் மெலிந்து நின்றால் காரணம் இதுதான்.

8. கோபமாக எழுதாதீர்கள். படிக்கிறவரும் ஒரு வேலையாள்.

9. சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்தால், அன்றே புதிய பதிப்பில் சோதித்து, ஆயிற்றா ஆகவில்லையா என்று எழுதுங்கள். பதில் போடாத பயனரின் அடுத்த கடிதம் வரிசையில் பின்னுக்குப் போகலாம். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் ஒட்டிப் பார்க்க ஒரு வரியை நிரந்தரமாகக் கையில் வையுங்கள். என்னுடையது இது: ஔவை, ஸ்ரீ, கௌரி, கொக்கு, சோறு, ஞூ, ணை, க்ஷ, அஃது, ₹100. இதைப் பெரிய எழுத்தில், சிறிய எழுத்தில், தடித்த எழுத்தில், இடைவெளி கூட்டி, குறுகிய பெட்டியில் இரண்டாம் வரிக்கு மடித்து, கடைசியில் பிடிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். திரையில் சரியாக இருந்தது பிடிஎஃபில் உடைவது அடிக்கடி நடக்கும். அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பை இன்னொருவர் போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.