மெல்லத் துருவேறும் கோதுமை

கோதுமை நமது சமவெளிப் பயிரன்று. ஆயினும் நீலகிரியிலும் பழனி மலையிலும் சம்பாக் கோதுமை நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. பரப்பு சிறிதே எனினும், அதனைப் பற்றும் துரு நோய் வடநாட்டு உழவர்க்கும் கவலை தருவதாகும். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருப் பூசணம் மடிந்துவிடும். குளிர்ந்த மலைகளிலோ, தப்பி முளைத்த பயிரிலேனும் தங்கி உயிர்த்திருந்து, பின்னர் காற்றிலேறி மத்திய இந்தியாவை அடைகிறது. பேராசிரியர் கே. சி. மேத்தா தமது நெடுநாள் ஆராய்ச்சியால் இதனை விளக்கினார். ஆகவே, மலைப் பஞ்சாயத்துக்களில் எந்த விதை விதைக்கப்படுகிறது என்பது ஓர் ஊரின் காரியம் மட்டுமன்று.

ஒரு புள்ளியும் இல்லாத பயிரையே உழவர்கள் விதைக்கு விரும்புகின்றனர். இஃது இயல்பே. ஆனால், அத்தகைய முழு எதிர்ப்பு பெரும்பாலும் ஒரே மரபணுவைப் பற்றி நிற்பது. பூசணத்தில் புதிய இனமொன்று தோன்றியதும் அது ஒருங்கே தகர்ந்துவிடுகிறது. 1960-களின் இறுதியில் வட இந்தியாவெங்கும் பரவிய கல்யாண் சோனா என்னும் உயர் விளைச்சல் கோதுமை, 1970-களில் இலைத் துருவுக்கு இரையாயிற்று. எங்கும் அதே வகை நின்றதால் நோய்க்கும் வழி எளிதாயிற்று.

இதனின் வேறானது பகுதி எதிர்ப்பு. இவ்வகைப் பயிரிலும் துரு பற்றும். ஆனால் கொப்புளங்கள் குறைவு; அவையும் சிறியவை; அவை வெடித்து வித்து உதிர்க்க நாளும் அதிகம் பிடிக்கும். சில நாள் கூடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கொப்புளம் ஒவ்வொரு சுற்றிலும் 10 கொப்புளங்களை உண்டாக்குவதாகக் கொள்வோம். சுற்றுக்கு 10 நாளானால் 60 நாளில் ஆறு சுற்று. தொகை 10 இலட்சம். சுற்றுக்கு 15 நாளானால் நான்கே சுற்று. தொகை 10 ஆயிரம். அதற்குள் மணி முற்றத் தொடங்கிவிடும்.

எல்.ஆர். 34 என்னும் மரபணு இத்தகைய எதிர்ப்பைத் தருவது. பற்பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டும் அது வலுவிழக்கவில்லை. இளம்பயிரில் அதன் பண்பு அவ்வளவாகத் தோன்றாது. வளர்ந்த பயிரிலேயே தோன்றும். கதிரையொட்டிய மேலிலையின் நுனி காய்ந்து காணுதல் அதன் அடையாளம். இதனை நோயென்று மயங்கி நல்ல விதையை ஒதுக்குதல் கூடாது.

நிற்க. இவ்வெதிர்ப்பை உடைய ஒரு மரபணு மட்டும் இருந்தால், துரு கடுமையாகப் பரவும் ஆண்டில் இழப்பு நேரவே செய்யும். நான்கைந்து மரபணுக்கள் ஒருங்கே அமைந்த பயிர் ஏறத்தாழ முழுக் காப்புப் பெறுகிறது. வெல்லிங்டனிலுள்ள மத்திய அரசின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் துருவைத் தாங்கும் வகைகளை உருவாக்குவதில் ஈடுபட்டுள்ளது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் விதை கேட்கும்போது, துரு பற்றாத வகையா என்பதோடு நில்லாமல், அதன் எதிர்ப்பு எத்தனை ஆண்டுகளாக நிலைத்துள்ளது என்றும் வினவுதல் வேண்டும். ஊர் முழுதும் ஒரே வகையை விதையாது, இரண்டு மூன்று வகைகளைப் பகிர்ந்து விதைப்பதே தக்கதென்று கருதுகிறோம். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் வயல்களை ஒப்பிட்டு, எவ்வகையில் கொப்புளம் மெல்லப் பரவுகிறது என்று குறித்து வைத்தால், அடுத்த பருவத்தின் விதைத் தேர்வுக்கு அக்குறிப்பு உதவும்.