குழந்தையின் கைக்கு முதற்பாடம்

குழந்தைக் கல்வி என்றவுடன் பலகையும் எழுத்துமே நம் நினைவுக்கு வருகின்றன. மூன்று வயது நிரம்பியதும் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்துப் பழக்குவது பல இல்லங்களில் வழக்கமாகவும் பெருமையாகவும் இருந்து வருகிறது. ஆனால் எழுதுகோலைப் பற்றுமுன் விரல்கள் வலுப்பெறல் வேண்டும். கண் காட்டும் வழியே கை செல்லப் பழகுதல் வேண்டும். இப்பயிற்சியை அளிப்பது வீட்டிலே செய்யும் எளிய கைவேலையாகும். மண் பிசைதல், ஓலை மடித்தல், வண்ணம் தீட்டுதல் ஆகியவையே குழந்தையின் கைக்கு முதற்பாடம். இதற்குக் கட்டடம் வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. எழுத்தறியாத பாட்டியும் இதற்கு நல்லாசிரியர் ஆகலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இண்டூர்ப் பகுதியின் நிலை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள ஊர் இண்டூர். கேழ்வரகு, சோளம், துவரை, கொள்ளு ஆகியவை விளையும் மானாவாரி நிலங்களும் புளிய மரங்களும் நிறைந்தது இப்பகுதி. மழை பொய்க்கும் காலங்களில் இளைஞர் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அவர்தம் குழந்தைகள் தாத்தா பாட்டியரிடம் வளர்கின்றனர்.

நாம் ஊர்களுக்குச் செல்லுங்கால், “படிக்காத நான் பேரனுக்கு என்ன சொல்லித்தர முடியும்?” என்று மூதாட்டியர் கூறக் கேட்கிறோம். இவ்வெண்ணத்தின் பயனாக, அழுகின்ற குழந்தையின் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது. குழந்தை அடங்குகிறது, ஆனால் அதன் கையும் வாயும் உடன் அடங்கிவிடுகின்றன. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் திரைமுன் அமர்தல் கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையில் அது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது.

முறத்தில் புடைக்கவும், துடைப்பம் கட்டவும், கோலமிடவும், அடுப்புக்கு மண் பூசவும் அறிந்த கை அம்மூதாட்டியின் கை. அதனைக் கல்லாத கை என்று எவ்வாறு கூறுவது? அக்கையின் அறிவைப் பேரக்குழந்தைக்கு வழங்குதலே இன்று வேண்டுவது.

அறிஞர் கண்ட வழி

இக்கருத்து புதிதன்று. ஜெர்மனி நாட்டில் 1837இல் குழந்தைப் பள்ளியைத் தோற்றுவித்த பிரோபெல், களிமண் வேலையையும் காகித மடிப்பையும் பாடமாகவே அமைத்தார். கைத்தொழிலின் வாயிலாகக் கல்வி என்னும் ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் நாட்டின் முன் வைத்தார்.

நம் கிராமங்களுக்கு மிகப் பொருத்தமான முன்மாதிரி மராட்டிய நாட்டுப் போர்டி என்னும் ஊரில் தோன்றியது. தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகிய இரு பெண்மணிகள் 1945இல் அங்குக் கிராமக் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினர். விலையுயர்ந்த கருவிகள் ஏழைக் கிராமத்துக்கு ஏலா என உணர்ந்து, கல், விதை, இலை முதலிய உள்ளூர்ப் பொருள்களையே பாடக் கருவிகளாக்கினர். பள்ளிக்கு வாராத குழந்தைகளை நாடி அவர்தம் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றனர். பின்னர் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடி என்னும் பெயரிலும் முற்றம் என்னும் பொருளே அடங்கியுள்ளது.

வீட்டில் செய்யத்தக்க வேலைகள்

1. களிமண் வேலை: கழிவுநீர் கலவாத ஏரியின் வண்டல் மண்ணை எடுத்துக் கல்லும் வேரும் நீக்கி, ஓரிரவு நீரில் ஊறவைத்துப் பிசைக. சிறிது மணல் சேர்ப்பின் உலரும்போது வெடிப்பு குறையும். இரண்டு வயதுக் குழந்தை பிசைந்து தட்டினாலே போதும். மூன்று வயதில் உருண்டையும் திரியும் உருட்டும். நான்கு, ஐந்து வயதில் சட்டி, அடுப்பு, மாடு ஆகியவை உருவாகும். செய்தவற்றை நிழலில் உலர்த்துக. வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுவித்தல் இன்றியமையாதது.

2. வண்ண வேலை: மஞ்சள் தூள், செம்மண், அடுப்புக்கரி, பீட்ரூட் சாறு, அவரையிலைச் சாறு ஆகியவை வீட்டு வண்ணங்கள். மஞ்சள் நீர் தோய்ந்த தாளில் சோப்பு நீரைத் தொட்டு வைத்தால் அவ்விடம் சிவக்கும். இஃது ஒரு விஞ்ஞானப் பாடமும் ஆகும். தூரிகைக்கு நுனி நசுக்கிய வேப்பங்குச்சி போதும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்து அழுத்தினால் பூப்போன்ற அச்சு விழும். நறுக்கும் வேலை பெரியவருடையது.

3. ஓலையும் தட்டையும்: தென்னோலையில் காற்றாடியும் பாம்பும், பனங்காயில் வண்டியும் நம் முன்னோர் செய்தவை. சோளத் தட்டையின் உள்ளிருக்கும் நெட்டியைக் கொண்டு மாட்டு வண்டி அமைக்கலாம். தட்டையின் மேற்பட்டை கத்திபோல் அறுக்குமாதலால் அதனைப் பெரியவரே உரித்துத் தருதல் வேண்டும்.

4. தாளும் பசையும்: பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டுதல் மூன்று வயதினர்க்கு ஏற்றது. கிழிக்கும்போது இரு கைகளும் ஒன்றற்கொன்று எதிராக இயங்கக் கற்கின்றன. கேழ்வரகு மாவைக் காய்ச்சினாலே நல்ல பசை கிடைக்கும். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சாதலின் குழந்தையின் பசையில் கலத்தல் கூடாது.

5. புள்ளியும் கோலமும்: நான்கு வயதுக்கு மேல் அரிசி மாவால் புள்ளி வைக்கப் பழக்குக. மாவைக் கிள்ளி எடுக்கும் பெருவிரலும் சுட்டுவிரலுமே பின்னர் எழுதுகோலைப் பற்றுவன. புள்ளிகளை எண்ணுவதால் கணக்கும் உடன் வளர்கிறது.

எச்சரிக்கை

நம் வேலிகளில் அழகும் உண்டு, நஞ்சும் உண்டு. செம்மையும் கருமையும் கலந்த குன்றிமணியையும் பளபளக்கும் ஆமணக்கு விதையையும் குழந்தையின் கைவேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மென்று விழுங்கின் இரண்டும் உயிரைப் போக்க வல்லவை. ஊமத்தங்காயும் அரளியும் அத்தகையவையே. எருக்கம்பால் கண்ணிற்பட்டால் பார்வைக்குக் கேடு செய்யும்.

புளியங்கொட்டை, துவரை, மணி முதலிய சிறுபொருள்களை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தருதல் கூடாது. அவை தொண்டையை அடைத்துக் கொள்ளும். அவ்வயதைக் கடந்த குழந்தையும் பெரியவர் அருகிருக்கும்போதே அவற்றைக் கையாளட்டும். விதை மூக்கிலோ காதிலோ புகுந்துவிட்டால் குச்சியாலோ ஊக்காலோ எடுக்க முயலாமல், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

பெரியவர் கடமை

குழந்தை செய்த பொருள் அழகாயிருத்தல் நம் நோக்கமன்று. அதன் கை பழகுதலும், அதன் வாய்ச்சொல் பெருகுதலுமே நோக்கமாகும். ஆகவே மூன்று கால் உள்ள மாட்டை நாம் திருத்திவிடலாகாது. “மாடு எங்கே போகிறது? அதற்கு எத்தனை கால்?” என்று வினவினால், நான்காம் காலைக் குழந்தையே வைக்கும், வையாவிடினும் குற்றமில்லை. பெரியவர் செய்து கொடுத்த அழகிய மாட்டால் பெரியவரின் கைக்கே பயிற்சி கிடைக்கிறது.

வளர்ச்சிக்கும் ஒரு வரிசை உண்டு. பொதுவாக மூன்று வயதில் வட்டத்தையும், நான்கு வயதையொட்டிக் கூட்டல் குறியையும், ஐந்து வயதையொட்டி முக்கோணத்தையும் குழந்தை பார்த்து வரையும். சுழியும் வளைவும் கோடும் கூடிய ‘அ’ என்னும் எழுத்தை மூன்று வயதில் எழுதவில்லை என்று அடிப்பது, நாற்று வேர்பிடிக்குமுன் கதிரைத் தேடுவதை ஒக்கும். ஐந்து வயதை நெருங்கியும் சிறு பொருளைப் பற்ற இயலாத குழந்தையை மருத்துவரிடம் காட்டுக; கண்டிப்பதால் பயனில்லை.

ஆண், பெண் என்னும் வேறுபாடும் இதில் வேண்டா. கோலம் பெண்ணுக்கும் வண்டி ஆணுக்கும் என்று பிரிக்காமல் இரண்டையும் இருவருக்கும் தருக. தாத்தாவும் இப்பணியில் பங்குகொள்ளுதல் நன்று.

ஊர் செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டன. சேமிப்பிலும் கடனிலும் வழிகாட்டிய இம்மாவட்டத்துக் குழுக்கள் இத்துறையிலும் வழிகாட்டலாம். மாதக் கூட்டமொன்றில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, ஊரின் மூதாட்டியர் தாம் அறிந்த விளையாட்டுப் பொருளொன்றை இளந்தாய்மார்க்குச் செய்து காட்டட்டும். அதனை அங்கன்வாடிப் பணியாளரும் கண்டு, மையத்தில் குழந்தைகளைக்கொண்டு செய்விக்கட்டும். குழந்தைகள் செய்தவற்றை ஆண்டுக்கொரு முறை கிராம சபை கூடும் நாளில் காட்சிக்கு வைக்கலாம். பரிசு வேண்டா, போட்டியும் வேண்டா. தன் மண்மாட்டை ஊரார் கண்டனர் என்பதே குழந்தைக்குப் போதிய ஊக்கமாகும்.

வெளியூரில் பணிபுரியும் பெற்றோர்க்கும் இதில் இடமுண்டு. பேசும்பொழுது, “சாப்பிட்டாயா?” என்பதோடு, “இன்று என்ன செய்தாய்?” என்றும் அவர்கள் வினவட்டும். குழந்தை தான் செய்ததைக் காட்டிக் கதை சொல்லும். அவ்வகையில் கைப்பேசியும் நற்பயன் தரும்.

நாள்தோறும் அரைமணி நேரம், ஒரு பிடி மண், ஒரு பழைய தாள், அருகில் அமர்ந்து பேசும் ஒரு பெரியவர் ஆகிய இவ்வளவே இத்திட்டத்துக்குத் தேவை. இதற்கு அரசின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. இண்டூர்ப் பகுதித் தாய்மாரும் பாட்டிமாரும் இன்று மாலையே தத்தம் முற்றத்தில் இதனைத் தொடங்குவார்களாக.